வரப்போடு நின்றுவிடும் சட்டம்

காஞ்சிபுரம் மாவட்டத்து நில உடைமையாளர்களுக்கும் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுவோருக்கும் ஒரு திறந்த மடல்



உத்திரமேரூர், வாலாஜாபாத், காஞ்சிபுரம் வட்டாரங்களில் ஏரிப் பாசனத்தை நம்பிச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று பட்டங்களிலும் நெல் விளைகிறது. அந்த நெல்லைப் புகையானிடமிருந்தும் குருத்துப்பூச்சியிடமிருந்தும் இலைச்சுருட்டுப் புழுவிடமிருந்தும் காப்பதற்காக வாங்கப்படும் பூச்சிக்கொல்லிக்குப் பணம் கொடுப்பவர் ஒருவராகவும், அதை முதுகில் சுமந்து அடிப்பவர் இன்னொருவராகவும் இருப்பதே இம்மடல் எழுதப்படுவதற்குக் காரணம். எந்த மருந்து, எவ்வளவு, எந்த நாளில் என்ற மூன்று முடிவுகளையும் நிலத்தவரோ அவருக்குப் பரிந்துரைக்கும் மருந்துக் கடைக்காரரோ எடுக்கின்றனர். அம்முடிவுகளின் விளைவை உடலில் ஏற்கும் கூலித் தொழிலாளிக்கு அவற்றில் பங்கே இல்லை. தொழிலாளியைப் பார்த்துக் கவனமாக இருக்கச் சொல்லும் துண்டறிக்கைகள் ஏற்கெனவே ஏராளம் என்பதாலும், கவனமாக இருப்பதற்கான வாய்ப்பு அவர் கையில் இல்லை என்பதாலும், இம்மடல் அவரை வேலைக்கு அழைப்பவர்களை நோக்கியே பேசுகிறது.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டியுள்ளது. அரசு ஆவணங்களில் பூச்சிக்கொல்லி என்று வழங்கும் பொருள் ஊர் வழக்கில் மருந்து என்றே வழங்குகிறது. தெளிப்பது மருந்தடித்தல், விற்குமிடம் மருந்துக் கடை, மணலோடு கலந்து கையால் வீசப்படுவது குருணை மருந்து, களைக்கொல்லியும்கூடக் களை மருந்துதான். பயிரின் பக்கம் நின்று பார்த்தால் இச்சொல் பொருத்தமானதாகத் தோன்றலாம். ஆனால் அடிப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் அது அச்சத்தை அகற்றிவிடும் சொல்லாக இருக்கிறது, ஏனெனில் நஞ்சு என்று பெயர் சொல்லி ஒரு வாளியை நீட்டினால் வெறுங்கையை அதற்குள் விட எவரும் துணியமாட்டார், மருந்து என்று சொல்லி நீட்டினால் துணிந்துவிடுகிறார்.

வேலை செய்யும்போதே சிறிது சிறிதாக நஞ்சு உடலில் சேர்வதைத் தொழில்வழி நச்சேற்றம் என்பர். அது மூக்கின் வழியாகவே நிகழ்கிறது என்று பரவலாகக் கருதப்படுவதால், ஒரு துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் போதும் என்ற எண்ணம் நிலவுகிறது. உண்மையில் வயலில் தெளிப்பவரின் உடலுக்குள் நஞ்சு புகும் முதன்மையான வழி தோல்; அத்தோலும் எல்லா இடத்திலும் ஒரே தன்மையுடையதன்று. பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியைக் கொண்டு அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்டு 1971இல் வெளிவந்த ஆய்வில், முன்கைத் தோல் உறிஞ்சும் அளவைப் போல நெற்றித் தோல் ஏறத்தாழ 4 மடங்கும், அக்குள் 7 மடங்கும், விதைப்பைத் தோல் ஏறத்தாழ 12 மடங்கும் உறிஞ்சுவது கண்டறியப்பட்டது. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு டேங்க் மருந்து அடிக்கப்படும் விதத்தைப் பார்க்க வேண்டும். 16 லிட்டர் கொள்ளும் தெளிப்பான் முதுகில் ஏறும்போது, மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் ஒவ்வோர் எட்டுக்கும் கரைசல் ததும்பி, முதுகுத்தண்டு வழியே இறங்கி, லுங்கி முடிச்சில் தேங்கி, அங்கிருந்து கீழே ஊறுகிறது. முன்னோக்கித் தெளித்தபடி நடப்பதால், அப்போதுதான் நனைந்த பயிரே அடுத்த எட்டில் அவர் தொடையைத் துடைத்துச் செல்கிறது. நாசில் அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றி வாயால் ஊதிச் சரிசெய்கிறார். மூக்கில் கட்டிய துண்டோ அரை மணி நேரத்தில் ஈரமாகி, நஞ்சைத் தடுப்பதற்குப் பதிலாக அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. நண்பகல் வெயிலில் வியர்வையால் நனைந்த தோல், உலர்ந்த தோலைவிட எளிதாக இவை அனைத்தையும் உள்ளே விட்டுவிடுகிறது.

உள்ளே சென்றது என்ன செய்கிறது என்பதற்கு, நெல்லிலும் காய்கறியிலும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ் போன்றவை அடங்கிய ஆர்கனோபாஸ்பேட் வகையை எடுத்துக்கொள்ளலாம். நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளையைக் கொண்டு செல்லும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். கட்டளை நிறைவேறியதும் அதைச் சிதைத்து அமைதிப்படுத்தும் நொதி கோலினெஸ்டிரேஸ். ஆர்கனோபாஸ்பேட் இந்த நொதியைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்கிவிடுவதால், கட்டளை நிற்காமல் தொடர்கிறது: வியர்வை பெருகுகிறது, உமிழ்நீர் ஒழுகுகிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிப் பார்வை மங்குகிறது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் காண்கின்றன, தசைகள் துடித்துப் பின் தளர்கின்றன, முடிவில் மூச்சுத் தசைகளும் ஓய்கின்றன. பூச்சி சாவதும் இதே வழியில்தான். பூச்சிக்கும் மனிதருக்கும் இந்த நொதி பொதுவானது. கண்டம் தப்பிவிட்டது என்று எண்ணியிருக்கும்போது, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் திடீரெனத் தளரும் ஒரு நிலையும் உண்டு. அதை இடைநிலை நோய்க்குறி என்று பெயரிட்டு 1987இல் மருத்துவ உலகுக்கு விளக்கியவர்கள் இலங்கை மருத்துவர்கள். நஞ்சேற்றத்தின் அறிகுறி காட்டியவரை அன்று மாலையே வீட்டுக்கு அழைத்து வந்து மோர் கொடுத்துப் படுக்கவைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இது காட்டும்.

கார்பமேட் என்னும் மற்றொரு வகை அதே நொதியைத் தாக்கினாலும் சில மணி நேரத்தில் பிடியை விட்டுவிடுகிறது. ஆர்கனோபாஸ்பேட் அவ்வாறு விடுவதில்லை. அதனால் செயலிழந்த நொதி, குருதியின் சிவப்பணுக்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்ற வேகத்தில்தான் மீள்கிறது. இம்மடலில் கூறப்படும் எல்லாவற்றிலும் நில உடைமையாளர்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இதுவே. புகையான் ஓர் ஊரில் தோன்றினால் எல்லா வயலிலும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் தோன்றுகிறது. மருந்தடிக்கத் தெரிந்தவர் என்று பெயர் பெற்ற இரண்டு மூன்று பேரே ஊர் முழுவதற்கும் அழைக்கப்படுகின்றனர். திங்கட்கிழமை ஒருவர் நிலம், செவ்வாய்க்கிழமை இன்னொருவர் நிலம், வியாழக்கிழமை அடுத்த ஊர் என்று அவர்களுள் ஒருவர் போய்க்கொண்டிருக்க, முந்தைய தெளிப்பில் இழந்த நொதி மீள்வதற்குள் அடுத்த தெளிப்பு வந்துவிடுகிறது. ஒவ்வொரு நிலத்தவருக்கும் அது ஒரு நாள் வேலை. தொழிலாளியின் குருதிக்கோ அது மாதக்கணக்கில் தீராத கடன். எவர் வயலில் அவர் விழுந்தாரோ அவர் வயலின் மருந்து மட்டுமே அவரை வீழ்த்தியதாகச் சொல்ல இயலாது.

இதனினும் மெதுவாக வரும் கேடுகளைக் கண்டறிவது கடினம், மறுப்பது எளிது. பாராக்குவாட் என்னும் களைக்கொல்லியைக் கையாண்டவர்களிடையே நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் கூடுதலாகக் காணப்படுவதை அமெரிக்க உழவர்களிடையே நடந்த நெடுங்கால ஆய்வுகள் சுட்டின. மாலத்தியான், டயசினான், கிளைபோசேட் ஆகிய மூன்றையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம் என்ற வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சேர்த்தது. டைபுரோமோகுளோரோபுரோப்பேன் என்னும் நூற்புழுக் கொல்லியைத் தயாரித்த கலிபோர்னியத் தொழிற்சாலை ஒன்றின் ஆண் தொழிலாளர்கள் தமக்குள் பேசிக்கொண்டபோதுதான் பலருக்கும் குழந்தை இல்லை என்பது வெளிப்பட்டு, 1977இல் பரிசோதித்தபோது அவர்களில் பலர் மலட்டுத்தன்மை அடைந்திருந்தது உறுதியானது. ஒரே கூரையின்கீழ் வேலை செய்ததால் அவர்களுக்குள் அந்தப் பேச்சு நிகழ்ந்தது. தனித்தனி வயல்களில், தனித்தனி முதலாளிகளிடம், நாள்கூலியாக வேலை செய்பவர்களின் உடற்குறைகள் அவ்வாறு ஒன்றுசேர்ந்து கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

மருந்தடிப்பது ஆண்களின் வேலை என்பதால் பெண்களுக்கு இதில் தொடர்பில்லை என்று கொள்வதும் தவறு. வாளியில் நீர் ஊற்றிக் கரைசலைக் கலக்குவதும், காலியான டேங்க்கை நிரப்பிக் கொடுப்பதும், அடித்த மறுநாளே அதே வயலில் இறங்கிக் களை எடுப்பதும், நனைந்த சட்டையையும் லுங்கியையும் வீட்டில் மற்றத் துணிகளோடு துவைப்பதும் பெரும்பாலும் அவர்களே. ஆந்திரப் பிரதேசத்துப் பருத்தி ஊர்களில் ஒரு பருவம் முழுவதும் உழவர்களே தங்கள் அறிகுறிகளைக் குறித்துவந்து, 2005இல் வெளியான ஆய்வில், பதிவான 323 நிகழ்வுகளுள் 83.6 சதவீதத்தில் லேசானது முதல் கடுமையானது வரையிலான நஞ்சேற்ற அறிகுறிகள் இருந்தன. கலக்கிக் கொடுத்த பெண்கள், அடித்த ஆண்களுக்கு இணையாகவே பாதிக்கப்பட்டிருந்தனர். அதே ஆய்வில், கடுமையான நஞ்சேற்றம் நிலம் மிகுந்தவர்களைவிட வறிய சிறு உழவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது.

2017ஆம் ஆண்டு மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களுமாக 20க்கும் மேற்பட்டோர் சில மாதங்களுக்குள் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு பருத்திச் செடிகள் ஆளுயரத்துக்கும் மேலாக வளர்ந்திருந்ததால் மருந்து மேலிருந்து முகத்தில் பொழிந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டப் பருத்திக் காடுகளிலும் மருந்தடித்தவர்கள் இறந்தனர். ஒரே நேரத்தில் பலர் இறந்ததால் இவை செய்தியாயின. தலைசுற்றல், கண் எரிச்சல், ஓயாத தலைவலி என்று வருபவருக்கு வெயில் தாக்கியது என்று மாத்திரை கொடுத்து அனுப்பப்படும் அன்றாட நிகழ்வுகள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. பூச்சிக்கொல்லி என்றாலே தற்கொலை என்று காவல்துறையும் மருத்துவத்துறையும் செய்தித்தாள்களும் பழகிப்போயிருப்பது இதற்கு ஒரு காரணம். தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை விதித்தபோதும், தற்கொலைத் தடுப்பே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. அந்நோக்கம் உயர்ந்தது. ஆனால் குடித்தவருக்காக மட்டும் எழும் அக்கறை அடித்தவரை எட்டவில்லை.

சட்டம் என்ன செய்கிறது என்ற வினா இங்கே இயல்பாக எழும். 1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் கலந்த உணவுப்பொருளால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததையடுத்து, நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் வழிவந்ததே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். உண்பவரின் சாவிலிருந்து பிறந்த சட்டம் என்பதை அதன் உடலமைப்பே காட்டுகிறது. அதன்கீழ் 1971இல் வந்த விதிகளில் பாதுகாப்பு உடை, சுவாசக் கருவி, முதலுதவி, பயிற்சி, குருதியில் கோலினெஸ்டிரேஸ் அளவைச் சோதிப்பது உட்பட மருத்துவப் பரிசோதனை என எல்லாம் எழுதப்பட்டுள்ளன. நஞ்சேற்றம் நேர்ந்தால் தெரிவிக்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தைப் பிரிவு 26 மாநில அரசுக்கு வழங்குகிறது. ஆயினும் பிரிவு 38, ஒருவர் தம் சாகுபடியில் உள்ள நிலத்தில் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதற்கு இச்சட்டம் பொருந்தாது என்று கூறிவிடுகிறது. தயாரிப்பவரையும் இறக்குமதி செய்பவரையும் விற்பவரையும் துரத்திவந்த சட்டம், நஞ்சு உண்மையில் திறக்கப்படும் இடத்துக்கு வந்ததும் வரப்போடு நின்றுவிடுகிறது.

தொழிற்சாலைக்கும் வயலுக்கும் இடையிலான வேறுபாட்டை இம்மாவட்டத்தைப் போல வெளிப்படையாகக் காட்டும் இடம் அரிது. ஒரே வீட்டின் மகன் ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ தொழிற்சாலைக்குப் போனால், காலணியும் கையுறையும் கண்ணாடியும் அணியாமல் உள்ளே நுழைய முடியாது. அணிவிக்க வேண்டிய கடமை நிறுவனத்தினுடையது. அவன் தந்தை ஏரிக்கரையில் நஞ்சைச் சுமந்து வெறுங்காலோடு சேற்றில் இறங்கும்போது அவருக்கு என்ன அணிவிப்பது என்று கேட்பார் எவருமில்லை.

மருந்தடித்தபின் காத்திருப்பது எப்படி என்பதைப் பட்டுத் தொழிலே காட்டும். காஞ்சிபுரத்துத் தறிகளில் ஏறும் பட்டு நூலின் பெரும்பகுதி கர்நாடகத்துப் பட்டுக்கூடுகளிலிருந்து வருகிறது. அங்கே மல்பெரித் தோட்டத்துக்கு மருந்தடித்தால், குறித்த நாட்கள் கழியும்வரை ஓர் இலையைக்கூடப் பறித்துப் புழுவுக்கு இடமாட்டார்கள். புகையிலைத் தோட்டத்தின் அருகே மல்பெரி வைப்பதையும் தவிர்ப்பர், ஏனெனில் புகையிலையின் நிக்கோட்டின் பட்ட இலையும் புழுவைக் கொன்றுவிடும். பட்டுப்புழுவும் பூச்சியே என்பதால் அது உடனே செத்து, இழப்பை அன்றே காட்டிவிடுகிறது. அதனால் காத்திருக்கும் நாட்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகின்றன. தெளித்த வயலில் ஆட்கள் மீண்டும் இறங்குவதற்கும் காத்திருக்க வேண்டிய கால அளவு உண்டு. அதற்கு மறுநுழைவு இடைவெளி என்று பெயர். மனித உடல் புழுவைப் போல ஒரே நாளில் கணக்குக் காட்டுவதில்லை என்ற ஒரே காரணத்தால் அந்த இடைவெளி வயல்களில் மறக்கப்படுகிறது. பட்டால் பெயர் பெற்ற ஓர் ஊரைச் சுற்றியுள்ள நிலங்களில் புழுவுக்குக் கிடைக்கும் இந்த மரியாதையேனும் நடவுக்கும் களைக்கும் வரும் பெண்களுக்குக் கிடைக்க வேண்டும்.

பாதுகாப்பு உடை என்றதும் இந்த வெயிலில் அதை எவர் அணிவார் என்ற மறுப்பு வரும். அந்த மறுப்பு நியாயமானதே. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து வெளியிட்டுள்ள நடத்தை நெறியும் அதை ஏற்றுக்கொண்டு, அணிய இயலாததும் விலை மிகுந்ததுமான பாதுகாப்புக் கருவிகளைக் கோரும் பூச்சிக்கொல்லிகளை வெப்ப நாடுகளின் சிறு உழவர்களும் தொழிலாளர்களும் பயன்படுத்துவதையே தவிர்க்க வேண்டும் என்கிறது. அதாவது உடையைக் குறைப்பது தீர்வன்று, மருந்தை மாற்றுவதே தீர்வு. புட்டியின் லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால், அது கடும் நஞ்சு என்று பொருள். அதை வாங்காமலிருக்கும் உரிமை நிலத்தவருக்கு உண்டு, அடிப்பவருக்கு இல்லை. நச்சு மிகுந்தவற்றை இலங்கை 1995 முதல் படிப்படியாக விலக்கியபோது விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. புகையானைப் பெருக்கியதே மருந்துதான், அது புகையானைத் தின்னும் சிலந்திகளைக் கொன்றுவிட்டது என்று உணர்ந்த இந்தோனேசியா, 1986இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தது. அதன்பின்னும் அந்நாட்டு நெல் விளைச்சல் குறையவில்லை. பூச்சியைக் கண்டவுடன் அடிக்காமல், தூருக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்து அடிப்பதால் குறையும் ஒவ்வொரு டேங்க்கும், எந்தக் கையுறையும் தர இயலாத பாதுகாப்பு.

ஆகவே நில உடைமையாளர்களிடம் இம்மடல் வேண்டுவன மிகப் பெரியவை அல்ல. டேங்க் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசும் கூலி முறை கைவிடப்பட வேண்டும், ஏனெனில் அது தொழிலாளியை நண்பகலிலும் எதிர்காற்றிலும் ஓய்வின்றி அடிக்கத் தூண்டுகிறது. காலை வேளை வேலைக்கு முழு நாள் கூலி என்று பேசினால் வெயிலேறுமுன் வேலை முடியும். தெளிப்பான் யாருடையதாயினும், வாஷரும் நாசிலும் மாற்றப்படுவது நிலத்தவரின் செலவாக இருக்க வேண்டும். நைட்ரைல் அல்லது ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, முதுகுக்கும் இடுப்புக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, வரப்பில் ஒரு குடம் நல்ல நீரும் சோப்பும் ஆகியவை மருந்துப் புட்டியோடு சேர்த்தே வாங்கப்பட வேண்டும். குருணையை வெறுங்கையால் வீசச் சொல்லக் கூடாது. நனைந்த துணியை அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் மோட்டார் கொட்டகையிலேயே தனியாக அலசி உலர்த்த இடம் தர வேண்டும். காலிப் புட்டி எவர் வீட்டுக்கும் எண்ணெய் ஊற்றப் போகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குறிப்பேடு வேண்டும். பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், ஏரி வாரியம் என்றும் தோட்ட வாரியம் என்றும் உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்து, ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொறுப்பு வைத்த ஊர் உத்திரமேரூர். அந்த மரபில் வந்த ஊராட்சிகளுக்கு, எந்த நாளில் எவர் நிலத்தில் எந்த மருந்தை எவர் அடித்தார் என்று நான்கு பத்திகளில் எழுதி வைப்பது கடினமன்று. அந்த ஏடு இருந்தால், இந்த வாரம் இரண்டு முறை அடித்தவரை மூன்றாம் முறை அழைக்காமல் விட முடியும். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் கேட்டால் காட்ட முடியும். மருந்தடிப்பவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை குருதிப் பரிசோதனை வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் பெயர்களோடு கேட்க முடியும்.

வரும் சம்பாவில் எவரேனும் வரப்பில் தள்ளாடினால், அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, நனைந்த ஆடையைக் களைந்து, சோப்பு நீரால் உடலைக் கழுவிவிட்டு, வாய்வழி எதையும் புகட்டாமல் 108ஐ அழையுங்கள். வண்டியில் ஏற்றும்போது காலியானதாயினும் மருந்துப் புட்டியையும் உடன் அனுப்புங்கள். அட்ரோப்பினும் பிராலிடாக்சைமும் ஆர்கனோபாஸ்பேட்டுக்கு உதவும், பாராக்குவாட்டுக்கு முறிவு மருந்தே இல்லை. ஆகையால் மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் புட்டியின் பெயரைத்தான்.